ஒரு சட்டிக் கறி



முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கல்லூரியில் விலங்கியல் கற்பித்தவன் நான். சமையலைப் பற்றிப் பேச வருமாறு வானொலி நிலையத்தார் அழைத்தபோது, வேறு யாருக்கோ எழுதிய மடல் முகவரி மாறி வந்துவிட்டது என்றே முதலில் எண்ணினேன். சமையற்கலையில் நான் வல்லவன் அல்லன். பிழையின்றிச் செய்ய எனக்குத் தெரிந்த உணவு ஒன்றே ஒன்றுதான். பன்றி இறைச்சியும் மிளகும் சேர்த்து, ஒரே சட்டியில், அரைமணி நேரத்தில் ஆக்கி இறக்கும் ஒரு வறுவல் அது. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

உங்களுள் பலர் சமய நெறியாலோ குடும்ப வழக்கத்தாலோ பன்றி இறைச்சியை விலக்கியவர்களாக இருப்பீர்கள். புலாலையே தொடாதவர்களும் இருப்பீர்கள். உங்களை உண்ணச் சொல்வதற்காக நான் வரவில்லை. ஆயினும், என் பேச்சின் பிற்பகுதி புலால் உண்பவர்க்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு புலால் மறுத்தவர்க்கும் வேண்டுவது. ஆதலால் வானொலியை நிறுத்திவிட வேண்டா.

இந்த உணவை எனக்குக் கற்றுத் தந்தவன் என் கல்லூரித் தோழன். 1980-களின் நடுவில் நாங்கள் இருவரும் சேலத்தில் படித்தோம். அவனுடைய ஊர் பள்ளிபாளையத்தை அடுத்த ஒரு சிற்றூர். இன்று அது நாமக்கல் மாவட்டம். 1997-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் மாவட்டம் பிரியும்வரை அதுவும் சேலம் மாவட்டமே. அவன் தந்தையார் விசைத்தறி ஓட்டினார். வீட்டின் பின்புறம் கொட்டில் கட்டி நாலைந்து வெண்பன்றிகளும் வளர்த்தார்கள். முதலாண்டில் விடுதியில் இருந்த தோழன், ஆண்டு முடியுமுன்பே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓர் அறைக்குப் போய்விட்டான். ஏன் போனான் என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன். அந்த அறையில் இருந்தவை ஒரு கோரைப்பாய், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, அவன் தாயார் கொடுத்தனுப்பிய ஓர் இருப்புச் சட்டி. எங்கள் பக்கத்தில் அதை வடச்சட்டி என்போம். இன்னொரு பாத்திரம் வாங்கப் பணம் இல்லை. சோற்றைத் தெருமுனையில் பொட்டலமாக வாங்கிவிட்டு, கறியை மட்டும் அறையில் ஆக்குவான். ஒரு சட்டியில் ஆக்கும் கலை அவனுக்கு இப்படித்தான் கைவந்தது.

ஆனால் அது அவன் கண்டுபிடித்த முறையும் அன்று. பள்ளிபாளையம் காவிரியின் ஒரு கரையில் இருக்கிறது. மறு கரையில் ஈரோடு. தறி ஓடும் ஊர். முறை முடித்து இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பும் பெண்ணுக்கு அம்மி முன் உட்கார்ந்து மசாலை அரைக்க நேரம் ஏது? அந்த ஊரின் பெயரால் இன்று தமிழ்நாடு முழுவதும் உணவு விடுதிகளில் ஒரு கோழி வறுவல் விற்கிறார்கள். அதன் உறுப்புகளைப் பாருங்கள்: கோழி, சின்ன வெங்காயம், விதை நீக்கிய வறமிளகாய், பல்லுப் பல்லாக நறுக்கிய தேங்காய், மஞ்சள், உப்பு, எண்ணெய், கறிவேப்பிலை. பட்டை இல்லை, கிராம்பு இல்லை, மல்லித்தூள் இல்லை, தக்காளி இல்லை. சேலத்துக்கும் ஈரோட்டுக்கும் இடையே பயணம் செய்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் சாலையோரங்களில் ‘வெண்பன்றி இறைச்சி’ என்று எழுதிய பலகைகளைக் கண்டிருப்பார்கள். அந்த இறைச்சியையும் இதே சிக்கனத்தோடு சமைக்கும் வீடுகள் அந்தப் பக்கத்தில் உண்டு. என் தோழன் வீட்டில் இவற்றோடு மிளகு சேர்ந்தது. மிளகு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், கிழக்கே கைநீட்டிக் காட்டுவார்கள். அங்கே கொல்லிமலை.

கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மேலே காப்பித் தோட்டங்களில் நிழல் தரும் மரங்களைப் பற்றி ஏறி மிளகுக்கொடி படர்ந்திருக்கும். இந்த மலையை ஆண்டவன் வல்வில் ஓரி. அவன் எய்த ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, காட்டுப்பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் சென்று தைத்தது என்று புறநானூற்றின் 152-ஆம் பாட்டில் வன்பரணர் பாடுகிறார். அம்பைப் பற்றிய அந்தக் கணக்கை இயற்பியல் மாணவர்கள் தங்களுக்குள் விவாதித்துக்கொள்ளட்டும். எனக்கு அந்தப் பாட்டில் பிடித்த இடம் வேறு. வேட்டை முடிந்ததும் ஓரி, பசியோடு வந்த பாணர் கூட்டத்துக்குக் கொழுப்பு மிகுந்த மான் இறைச்சியை அங்கேயே சமைத்து அளிக்கிறான். காட்டு நடுவில் எத்தனை பாத்திரம் இருந்திருக்கும்? ஒரு பாத்திரச் சமையல் நம் மலைக்குப் புதியதன்று.

மொழி பயிலும் மாணவர்களுக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இன்று நாம் ‘கறி’ என்றால் இறைச்சி என்றோ குழம்பு என்றோ பொருள் கொள்கிறோம். சங்க நூல்களில் கறி என்பது மிளகு. முசிறித் துறைக்குப் பொன்னோடு வந்த யவனர் கப்பல்கள் மிளகோடு திரும்பிய செய்தி அகநானூற்றின் 149-ஆம் பாட்டில் இருக்கிறது. அங்கே மிளகைக் குறிக்கும் சொல் கறிதான். காரம் ஏற்றிச் சமைத்த உணவுக்கெல்லாம் காலப்போக்கில் அந்தப் பெயர் பரவி, இறுதியில் மிளகையே விட்டு நீங்கிவிட்டது. ஆகவே பன்றிக் கறிக்கு மிளகு இடுவது, கறிக்குக் கறி சேர்ப்பதாகும். அந்த மிளகின் மதிப்பு எத்தகையது தெரியுமா? கி.பி. 408-இல் ரோமாபுரியை முற்றுகையிட்ட அலாரிக் என்னும் கோத்தியத் தலைவன், விலகிச் செல்வதற்குக் கேட்ட பொருள்களில் பொன்னோடும் வெள்ளியோடும் 3,000 இராத்தல் மிளகும் இருந்தது.

மிளகாயோ அதற்கு மிகப் பின்னால் வந்த விருந்தாளி. அமெரிக்கக் கண்டத்துச் செடி; போர்த்துகீசியர் வருகைக்குப் பிறகே நம் நாட்டில் வேரூன்றியது. மிளகைப் போல் உறைக்கும் காய் என்று நம் முன்னோர் அதற்குப் பெயர் வைத்தார்கள். ஐரோப்பியர்கள் அந்த அளவுக்கும் சிரமப்படவில்லை. மிளகுக்குரிய பெயரையே மிளகாய்க்கும் குடைமிளகாய்க்கும் வைத்துவிட்டார்கள். அயல்நாட்டுச் சமையற் குறிப்பில் பன்றி இறைச்சியோடு ‘பெப்பர்’ சேர்க்க வேண்டும் என்று படித்தால், எந்தப் பெப்பர் என்று கேட்டுத் தெளிய வேண்டும்.

இனி அடுப்புக்கு வருவோம். மூன்று பேருக்கு அரைக் கிலோ இறைச்சி போதும். தொடைப் பகுதியில், எலும்பில்லாமல், கொஞ்சம் கொழுப்பு ஒட்டியபடி வாங்க வேண்டும். சின்ன வெங்காயம் 20 அல்லது 25, இரண்டிரண்டாக அரிந்தது. விதை உதறிய வறமிளகாய் நான்கு. தட்டிய இஞ்சியும் பூண்டும் சிறிதளவு. மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி. ஒரு கைப்பிடி தேங்காய்ப் பல். மிளகு இரண்டு தேக்கரண்டி. மாவாக்காமல், உரலில் ஒன்றிரண்டாக இடித்தது. உப்பு, கறிவேப்பிலை. எண்ணெய் வேண்டியதில்லை. ஏன் என்பது இப்போது தெரியும்.

விரைவாகச் சமைப்பது என்றால் தீயை உயர்த்துவது என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. விரைவு அடுப்பில் இல்லை, கத்தியில் இருக்கிறது. இறைச்சியின் மேற்புறம் தீயின் வெப்பத்தை உடனே வாங்கிக்கொள்ளும். உள்ளே அது மெல்ல மெல்லத்தான் நகரும். துண்டின் தடிப்பு இரண்டு பங்கானால், வெப்பம் நடுவைச் சென்றடையும் நேரம் ஏறக்குறைய நான்கு பங்காகிவிடும். ஆகவே இறைச்சியை ஒரு சுண்டுவிரல் தடிப்புக்கு மேற்படாத துண்டுகளாக அரிய வேண்டும். அவ்வாறு அரிவதற்குக் கால்மணி நேரம் ஆகலாம். அந்தக் கால்மணி அடுப்பில் முக்கால்மணியை மிச்சப்படுத்தும். அரியும்போதே கொழுப்பைத் தனியாகவும் மெலிந்த ஊனைத் தனியாகவும் பிரித்து வைத்துக்கொள்க.

சட்டியில் முதலில் கொழுப்புத் துண்டுகளை மட்டும் இட்டு, இரண்டு கரண்டித் தண்ணீர் விட்டு, மெல்லிய தீயில் வைக்க வேண்டும். கொழுப்புக்கு எதற்குத் தண்ணீர் என்று நானும் கேட்டேன். சட்டி காய்ந்தவுடன் கொழுப்பின் அடிப்புறம் கருகிவிட்டால் உள்ளிருக்கும் நெய் வெளிவராது. தண்ணீர் இருக்கும்வரை சட்டியின் சூடு 100 பாகையைத் தாண்டாது; அந்த மிதமான சூட்டில் கொழுப்பு கருகாமல் உருகத் தொடங்கும். ஐந்து நிமிடத்தில் தண்ணீர் வற்றி, சலசலப்பு அடங்கி, வேறோர் ஓசை எழும். நீர் கொதிக்கும் ஓசைக்கும் நெய் பொரியும் ஓசைக்கும் உள்ள வேறுபாட்டைக் காது ஒருமுறை கேட்டுவிட்டால் மறக்காது. அப்போது சட்டியில் பளிங்கு போன்ற நெய் நிற்கும். எண்ணெய் வேண்டியதில்லை என்றேன் அல்லவா? கொழுப்பு மிகுதியாக இருந்தால் கொஞ்சம் வடித்து எடுத்துவிடலாம். எடுப்பதே உடலுக்கு நல்லது.

அந்த நெய்யில் வறமிளகாய், வெங்காயம், இஞ்சி, பூண்டு. வெங்காயம் கண்ணாடி போலானதும் ஊன் துண்டுகளை இட்டு, மஞ்சளும் உப்பும் சேர்த்து, ஒரு புரட்டுப் புரட்டி மூடிவிட வேண்டும். தண்ணீர் ஒரு சொட்டும் ஊற்ற வேண்டா. உப்பு இறைச்சியின் நீரை வெளியே இழுக்கும்; மூடியைத் திறந்தால் அடியில் குழம்பு போல நீர் நிற்பதைப் பார்க்கலாம். அந்த நீரிலேயே இறைச்சி பன்னிரண்டு நிமிடம் வேகட்டும்.

இந்த நீரைப் பற்றி ஒரு வார்த்தை. பன்றி இறைச்சியில் தயமின் எனப்படும் உயிர்ச்சத்து பி-1 கோழியிலும் ஆட்டிறைச்சியிலும் உள்ளதைவிடப் பல மடங்கு மிகுதி. தீட்டிய வெள்ளரிசியை நம்பி வாழ்பவர்களுக்குக் குறைபடும் சத்து அதுவே. அது குறைந்தால் கால் மரத்து நடை தளரும் பெரிபெரி நோய் வரும். ஜாவாத் தீவில் எய்க்மன் என்னும் டச்சு மருத்துவர் 1890-களில், தீட்டிய அரிசியையே தின்ற கோழிகள் இவ்வாறு தளர்ந்து விழுவதைக் கண்டார். 1929-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. தயமின் நீரில் கரைந்துவிடும் இயல்பினது. இறைச்சியைத் தனியே வேகவைத்து நீரை இறுத்துக் கொட்டுகிறவர்கள் அதன் பெரும் பகுதியைச் சாக்கடைக்கு அனுப்புகிறார்கள். ஒரே சட்டியில் ஆக்கும்போது கொட்டுவதற்கு எதுவும் இல்லை.

பன்னிரண்டு நிமிடம் கழித்து மூடியை எடுத்துத் தீயைக் கூட்டலாம். நீர் வற்றியதும் இறைச்சி தன் நெய்யிலேயே வறுபடத் தொடங்கும். பொன்னிறமும் வறுவல் மணமும் இப்போதுதான் வரும். ஊனிலுள்ள புரதக் கூறுகளும் சர்க்கரைக் கூறுகளும் கடுஞ்சூட்டில் கூடி விளைவிக்கும் மாற்றம் அது. 1912-இல் அதை விளக்கிய பிரெஞ்சு வேதியியலார் மையார் பெயரால் வழங்குகிறது. அதற்கு ஏறத்தாழ 140 பாகைச் சூடு வேண்டும். சட்டியில் நீர் இருக்கும்வரை அந்தச் சூடு வராது. நீர் வற்றுமுன் கிளறிக் கிளறிச் சலிப்பதால் பயனில்லை. வற்றிய பின் கிளறாமல் விட்டாலோ அடிப்பிடித்துவிடும். இந்த எட்டு நிமிடம் மட்டும் அடுப்பை விட்டு நகரக் கூடாது. இடையில் தேங்காய்ப் பல்லைப் போட்டுவிட வேண்டும்.

மிளகு கடைசியில். அதன் உறைப்புக்குக் காரணமான பொருள் பைப்பரின். அதை 1819-இல் மிளகிலிருந்து பிரித்தெடுத்தவர் டென்மார்க்கு நாட்டு அறிஞர் ஓர்ஸ்டெட். மின்னோட்டத்தின் அருகே காந்த ஊசி திரும்புவதை 1820-இல் கண்டு சொன்ன அதே ஓர்ஸ்டெட்தான். பைப்பரின் தீயில் எளிதில் அழியாது. ஆனால் மிளகின் மணம் ஆவியாகிப் பறந்துவிடும் எண்ணெய்களில் இருக்கிறது. முதலிலேயே மிளகை இட்டால் உறைப்பு நிற்கும், மணம் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். ஆகவே இறக்குவதற்கு இரண்டு நிமிடம் முன்பு மிளகையும் கறிவேப்பிலையையும் தூவிப் புரட்டினால் போதும். பைப்பரின் நீரில் அரிதாகவே கரையும். கொழுப்பில் நன்கு பரவும். பன்றிக்கும் மிளகுக்கும் உள்ள நட்பின் அடிப்படை இதுதான் என்று நான் கருதுகிறேன்.

இறக்குமுன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. இருப்பதிலேயே பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து, நடுவே வெட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே செந்நிறம் இருந்தால், எத்தனை பசியானாலும் மீண்டும் அடுப்பில் வைக்க வேண்டும். கொத்திய பன்றி இறைச்சியின் உட்சூடு 71 பாகையைத் தொட வேண்டும் என்பது அமெரிக்க வேளாண்மைத் துறையின் விதி. நம் வீடுகளில் வெப்பமானி இல்லை, கத்தி இருக்கிறது. என் தோழன் அந்த ஒரு துண்டை விளக்குக்கு நேரே பிடித்து, பொன்னை உரைத்துப் பார்க்கும் தட்டானைப் போல உற்றுப் பார்ப்பான். நான் சிரிப்பேன். அவன் சிரிக்க மாட்டான். அதற்குக் காரணம் இருந்தது.

முதலாண்டில், ஞாயிறு மாலை ஊரிலிருந்து திரும்பும்போதெல்லாம் அவன் ஒரு தூக்குப்போசி நிறைய இந்த வறுவலைக் கொண்டுவருவான். நாங்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்து பத்து நிமிடத்தில் தீர்த்துவிடுவோம். எதிர் அறையில் ஒரு மாணவன் இருந்தான். பிறந்ததுமுதல் புலால் அறியாதவன். ஒரு நாள் விடியற்காலையில் குழாயடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தவன் வலிப்பு வந்து விழுந்தான். மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றோம். சில நாள் கழித்து, தலையைப் படம் பிடித்துப் பார்த்ததில் மூளைக்குள் ஒரு புழுக் கொப்புளம் இருப்பதாகவும், அது பன்றி நாடாப்புழுவால் வந்தது என்றும் விடுதிக்குச் செய்தி வந்தது. பன்றி என்ற சொல் மட்டும் எல்லார் காதிலும் விழுந்தது. மேற்கொண்டு யாரும் எதுவும் கேட்கவில்லை.

என் தோழனை வெளியே போ என்று ஒருவரும் சொல்லவில்லை. அவன் உட்கார்ந்த பலகையில் உட்காராமல் இருந்தார்கள். அவன் தொட்ட தண்ணீர்க் குவளையைத் தொடாமல் இருந்தார்கள். தூக்குப்போசியை வழித்துத் தின்ற கைகளே அப்படிச் செய்தன. ஒரு மாலை அவன் பெட்டி அறை வாசலில் இருந்தது. யார் எடுத்து வைத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. அவன் அதைத் தூக்கிக்கொண்டு நடந்தான். நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை. விலங்கியல் படித்துக்கொண்டிருந்தவன் நான். நாடாப்புழுவின் படத்தைத் தேர்வுக்காக வரைந்து, உறுப்புகளுக்குப் பெயர் எழுதி, மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன்.

ஒரு மாதம் கழித்து அந்த நோயாளி நண்பனை மறுபரிசோதனைக்கு அழைத்துச் செல்லும் முறை எனக்கு வந்தது. மருத்துவர் முதியவர். விடுதியில் நடந்ததைச் சொன்னேன். அவர் நண்பனைப் பார்த்து, “நீ எப்போதாவது கறி தின்றதுண்டா, தம்பி?” என்று கேட்டார். “இல்லைங்க, ஐயா” என்றான். “பிறகு கறி எப்படிக் காரணமாகும்?” என்று என்னைப் பார்த்துக் கேட்டுவிட்டு, மருந்துச் சீட்டின் பின்புறத்தில் ஒரு வட்டம் வரைந்தார்.

அந்த வட்டத்தை உங்களுக்கும் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். இந்த நாடாப்புழு வளர்ந்து முதிர்ந்து வாழும் இடம் மனிதனின் குடல். அதன் முட்டைகள் மனித மலத்தோடு வெளியேறுகின்றன. திறந்தவெளியில் மலம் கிடந்து, அதைத் திரியும் பன்றி தின்றால், பன்றியின் தசையில் அரிசிமணி போன்ற சிறு கொப்புளங்கள் உண்டாகின்றன. அந்த இறைச்சியை அரைவேக்காட்டில் உண்பவன் குடலில் புழு வளரும். 1855-இல் குக்கன்மைஸ்டர் என்னும் ஜெர்மானிய மருத்துவர், மரண தண்டனை பெற்ற கைதிக்கு அவன் அறியாமலே அத்தகைய இறைச்சியை ஊட்டி, தண்டனை நிறைவேறிய பின் குடலை அறுத்து இதை மெய்ப்பித்தார். உண்மை கிடைத்தது, கிடைத்த வழியை நினைத்தால் இன்றும் உடல் கூசுகிறது.

இது வட்டத்தின் ஒரு பாதி. மறு பாதியில்தான் மூளை வருகிறது. புழுவின் முட்டையை, இறைச்சியின் வழியாக அன்றி, நேரே மனிதனே விழுங்கிவிட்டால், பன்றித் தசையில் நிகழ்வது மனிதன் தசையிலும் மூளையிலும் நிகழும். வலிப்புக்குக் காரணம் அந்தக் கொப்புளம். முட்டை எப்படி வாய்க்கு வருகிறது? குடலில் புழுவை உடைய ஒருவர் மலம் கழித்தபின் கையைச் சரியாகக் கழுவாமல் சோறு பரிமாறினால் வருகிறது. மலம் கலந்த நீர் பாய்ந்த கீரையைப் பச்சையாக உண்டால் வருகிறது. அதாவது, நன்கு வெந்த பன்றிக் கறியை வாழ்நாளெல்லாம் உண்டவனுக்கு அந்தக் கறியால் இந்த வலிப்பு வராது. கறியைக் கண்ணாலும் பாராதவனுக்கு ஒரு பிடி பச்சைக் கொத்தமல்லியால் வந்துவிடலாம். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் இந்நோயைப் பற்றிப் பல்லாண்டுகள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். மனிதரும் திரியும் பன்றியும் நெருங்கி வாழும் பல நாடுகளில், வலிப்பு நோயாளிகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ முப்பது பேருக்கு இந்தப் புழுவே காரணம் என்று உலக நல நிறுவனம் கூறுகிறது.

இதனால் அரைவேக்காட்டுக் கறி குற்றமற்றது என்று எண்ணிவிடாதீர்கள். அதை உண்பவன் தன் குடலில் புழுவை வளர்த்து, தன் கையால் உண்ணும் மற்றவர்களின் மூளைக்கு முட்டை அனுப்புகிறான். தோழன் ஏன் அந்தத் துண்டை விளக்குக்கு நேரே பிடித்தான் என்பது இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். அவன் யாரும் சொல்லாமலே போய் மலப் பரிசோதனை செய்துகொண்டிருந்தான். அவனிடம் ஒன்றும் இல்லை. முட்டை எங்கிருந்து வந்தது என்பது கடைசிவரை தெரியவில்லை. கொப்புளம் தலைக்குள் புகுந்து பல மாதங்களோ ஆண்டுகளோ கழித்துக்கூட வலிப்பு வரலாம். அந்த மாணவன் விடுதிக்கு வருவதற்கு முன்பே அது வந்திருக்கக் கூடும் என்றார் மருத்துவர்.

பன்றியைப் பற்றி இழிவாகப் பேசுவோர் தெருவில் திரிந்த பன்றியை நினைத்துப் பேசுகிறார்கள். அது கொட்டிலில் அடைத்து வளர்க்கும் வெண்பன்றிக்குப் பொருந்தாது. இங்கிலாந்தின் யார்க்சயர் பகுதியிலிருந்து வந்த இனம் அது. 114 நாள் சினை, ஓர் ஈற்றில் எட்டு முதல் பன்னிரண்டு குட்டிகள். நிலமற்ற குடும்பத்துக்கு அது ஒரு சேமிப்பு. நாமக்கல்லில் 1985-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி அருகில் இருப்பதால், இப்பகுதியில் வளர்ப்போருக்கு அறிவுரை கேட்க இடமும் உண்டு. அண்மைக்காலத்தில் அவர்களை அச்சுறுத்துவது வேறொன்று. 2020-இல் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் முதன்முதலாகக் கண்ட ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மனிதரைத் தொடாது. ஆனால் ஒரு கொட்டிலையே சில நாளில் வெறுமையாக்கிவிடும். உணவு விடுதிகளின் எச்சிலைக் கொதிக்கவைக்காமல் பன்றிக்கு ஊற்றக் கூடாது என்று அதிகாரிகள் வலியுறுத்துவது இதனால்தான்.

மருத்துவர் வட்டம் வரைந்த சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அன்று மாலையே தோழனின் அறையைத் தேடிப் போனேன். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனத்தில் அடுக்கிக்கொண்டே சென்றேன். கதவு திறந்திருந்தது. அடுப்பில் சட்டி இருந்தது. அவன் நிமிர்ந்து பார்த்து, “வா, உக்காரு. இன்னும் தண்ணி வத்தல” என்றான். சீட்டை நீட்டினேன். வாங்கி, அடுப்பு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, எனக்கே திருப்பிக் கொடுத்தான். “அவன் எப்படி இருக்கான்?” என்று மட்டும் கேட்டான். பிறகு மிளகு இடிக்க உரலை என்னிடம் தள்ளினான். இந்தச் சமையலில் நான் கற்ற முதற்பாடம் அதுதான்.

சட்டியைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். கறியை எடுத்த பின் அதை உடனே கழுவிவிடாதீர்கள். அடியில் நெய்யும் மிளகும் வறுபட்ட ஊனின் பொருக்கும் ஒட்டியிருக்கும். அதில் ஒரு பிடிச் சூடான சோற்றைப் போட்டு, சட்டியின் சூட்டிலேயே தேய்த்துப் பிசைந்து எடுத்தால், அன்றைய சமையலில் மிகச் சுவையான பகுதி அதுவாகவே இருக்கும். சட்டியும் பாதி துலங்கிவிடும். அந்த ஒரு பிடிச் சோற்றுக்காகத் தோழனும் நானும் மூன்றாண்டுகள் சண்டை போட்டோம். நோய் தேறி வந்த எதிர் அறை நண்பன் தன் தயிர்ச்சோற்றுப் பொட்டலத்தோடு பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, இன்றைக்கு யார் முறை என்று கணக்கு வைத்திருப்பான்.